மாற்று எஞ்சின் போட்ட ஜீப்: குறை எஞ்சினிலா, வண்டியிலா?

மளிகை, தவிடு, புண்ணாக்கு, கொப்பரை என்று வியாபாரம் செய்யும் நம் பகுதி அன்பர்களில் சிலர் பழைய ஜீப்பை இன்னும் விடாமல் வைத்திருக்கிறார்கள். மங்கலத்திலிருந்து பல்லடம், சோமனூர், அவினாசி என்று தார் ரோட்டில் போய்வர மினி லாரி போதும். மழை பெய்த மறுநாள் இட்டேரிக்குள் நுழைந்து, தோட்டத்துச் சாளை வாசல்வரை போய் மூட்டை ஏற்றி வரவேண்டும் என்றால் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி வேண்டியிருக்கிறது. திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டித் தாளவாடிப் பக்கம் சரக்கு அனுப்புகிறவர்களுக்கும் இதே தேவைதான்.

இந்த ஜீப்புகளில் பல, பிறந்தபோது இருந்த எஞ்சினோடு இன்று இல்லை. ஒரு தடவையோ இரண்டு தடவையோ எஞ்சின் மாறியிருக்கும். தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது. வண்டியை ஒர்க்ஷாப்பிலிருந்து எடுத்து வரும்போது, "எஞ்சின் புதுசுங்கண்ணா, ஐந்நூறு கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிடும்" என்பார்கள். இரண்டு மாதம் கழித்து அதே இடத்தில், "இந்த எஞ்சின் சரியில்லீங்கண்ணா, வேற ஒண்ணு பார்த்துடலாம்" என்பார்கள். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் நம் கைக்காசு போகிறது. அந்த நாட்களில் வாடகை வண்டிக்குக் கொடுத்ததும், நேரத்துக்குச் சரக்கு போகாததால் வேறு கடைக்கு மாறிய வாடிக்கையும் தனிக் கணக்கு.

இந்தக் கட்டுரை மெக்கானிக்குகளுக்காக அல்ல. மெக்கானிக் பக்கத்தில் நின்று பணம் கொடுக்கிற முதலாளிக்காக எழுதுகிறோம். நாம் சொல்லவருவது ஒன்றுதான்: மாற்று எஞ்சின் தகராறு செய்தால், குறை பெரும்பாலும் எஞ்சினுக்குள் இருப்பதில்லை, புது எஞ்சினும் பழைய வண்டியும் சேர்கிற இடங்களில் இருக்கிறது. டீசல் வரும் குழாய், பாட்டரி ஒயர், ரேடியேட்டர், மீட்டர், கிளட்ச், கியர் விகிதம் ஆகியவையே அந்த இடங்கள். விசைத்தறியில் நூல் அடிக்கடி அறுந்தால் நூலையும் நாடாவையும் பார்க்கிறோம். தறியைத் தூக்கி மாற்றுவதில்லை. ஜீப்பிலும் செலவு குறைந்த இடத்தை முதலில் பார்த்துவிட்டு, எஞ்சினைக் கடைசியில் திறக்க வேண்டும்.

எஞ்சின் ஏன் மாறியது?

கொஞ்சம் பழைய கதை தெரிந்தால் இன்றைய குறையும் விளங்கும். மகிந்திரா நிறுவனம் 1949 முதல் பம்பாயில் வில்லீஸ் ஜீப்பைப் பூட்டி விற்றது. பின்னர் பல ஆண்டுகள் நம் சாலைகளில் ஓடிய சிஜே 3பி ஜீப்பில் இருந்தது ஹரிகேன் என்ற பெட்ரோல் எஞ்சின். கொள்ளளவு ஏறத்தாழ 2200 சி.சி. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்து, கச்சா எண்ணெய் விலை சில மாதங்களில் நாலு மடங்கானது. பெட்ரோல் ஜீப் வைத்திருந்தவர்கள் டீசலுக்குத் தாவினார்கள். கம்பெனியே இன்டர்நேஷனல் டிராக்டர் எஞ்சினின் வழிவந்த டீசல் எஞ்சினை ஜீப்பில் வைத்தது. பிறகு பெஜோ உரிமத்தில் செய்த எக்ஸ்.டி.பி. 4.90 வந்தது. 4 சிலிண்டர், 90 மில்லிமீட்டர் போர் என்பதுதான் அந்த எண்ணின் பொருள், 2112 சி.சி. கம்பெனிக்கு வெளியேயும் கைக்குக் கிடைத்த டீசல் எஞ்சினைப் பெட்ரோல் ஜீப்பில் இறக்குவது ஊருக்கு ஊர் ஒரு தொழிலாக நடந்தது.

டீசலுக்கும் பெட்ரோலுக்கும் அன்று இருந்த விலை வித்தியாசம் பின்னாளில் குறைந்துவிட்டது. பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010-லும், டீசல் விலைக் கட்டுப்பாடு 2014-லும் நீங்கின. ஆனாலும் அன்று மாற்றிய வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. அவற்றுக்கு மீண்டும் எஞ்சின் தேவைப்படும்போது ரீகண்டிஷன் செய்ததோ, உடைத்த வண்டியிலிருந்து கழற்றியதோ வாங்கிப் போடுகிறோம். வண்டி ஒரு தலைமுறை, எஞ்சின் இன்னொரு தலைமுறை, கியர் பாக்ஸ் வேறொன்று என்று ஆகிவிடுகிறது. சம்பந்தம் பேசி முடித்தால் மட்டும் போதாது. இரண்டு வீட்டுப் பழக்கமும் ஒத்துப்போக வேண்டும் அல்லவா!

ஒரு கேன் டீசலில் பாதி விடை

அடிக்கடி கேட்கிற புகாரை எடுத்துக்கொள்வோம். காலையில் வண்டி நன்றாக ஸ்டார்ட் ஆகிறது. அரைமணி நேரம் ஓடுகிறது. பிறகு திக்கித் திணறி நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் விட்டுக் கையால் பம்ப் அடித்தால் மறுபடி ஓடுகிறது. மேட்டில் ஏறினால் உடனே வருகிறது இந்த நோய். இதைக் கேட்டதும் பம்பை இறக்கு, நாசிலைக் கழற்று என்று ஆரம்பிப்பவர்கள் உண்டு. மைக்கோ பம்பை இறக்கி டெஸ்ட் பெஞ்சில் வைப்பது சிறிய செலவல்ல. அதற்கு முன் செய்ய வேண்டிய பரிசோதனை ஒன்று இருக்கிறது.

ஐந்து லிட்டர் கேன் ஒன்றைக் கழுவிக் காயவைத்துச் சுத்தமான டீசல் ஊற்றுங்கள். வண்டி டாங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, புது ரப்பர் ஹோஸ் மூலம் கேனிலிருந்து டீசல் பில்டருக்கு வரும்படி செய்யச் சொல்லுங்கள். பம்பிலிருந்தும் நாசிலிலிருந்தும் திரும்பி வரும் ரிட்டர்ன் குழாயையும் அதே கேனுக்குள் விடவேண்டும். கேன் பம்பைவிடச் சற்று உயரத்தில், சைலன்சர் சூடு படாத இடத்தில், அசையாமல் கட்டப்பட்டிருக்கட்டும். ஏர் எடுத்துவிட்டு, எந்த நேரத்தில் நிற்குமோ அதைவிடக் கூடுதல் நேரம் ஓட்டிப் பாருங்கள். வண்டி நிற்காமல் ஓடினால், பம்பும் நாசிலும் எஞ்சினும் பெரும்பாலும் குற்றமற்றவை. குறை டாங்கிலோ, டாங்கிலிருந்து வரும் வழியிலோ இருக்கிறது. கேனில் ஓடியும் நின்றால்தான் பம்ப் பக்கம் திரும்ப வேண்டும்.

டாங்க் பக்கம் என்று தெரிந்தபின் அங்கே பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். மூடியில் காற்று போகும் துளை அடைத்திருந்தால் டாங்குக்குள் வெற்றிடம் உண்டாகி டீசல் வருவது நின்றுவிடும். வண்டி நின்றவுடனே மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும். அந்தச் சத்தம் கேட்டால் நோய் அதுதான். ஒரு ஊசியால் தீரும். அடுத்தது துரு. பல பழைய ஜீப்புகளில் டாங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அடியில் சேர்ந்த துருவும் தண்ணீரும் சலசலக்கும்போது உறிஞ்சு குழாயின் வாயை மூடிவிடும். வண்டி நின்றதும் துரு கீழே படிந்துவிடும், மறுபடி ஓடும். பத்து நிமிடம் விட்டால் ஓடுகிறது என்ற அந்தக் கதைக்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது காரணம் பெட்ரோலிலிருந்து டீசலுக்கு மாறிய வண்டிக்கே உரியது, பலர் கவனிக்காதது. பழைய கார்புரேட்டர் எஞ்சினுக்கு டாங்கிலிருந்து ஒரு குழாய் போதும். ரிட்டர்ன் குழாய் கிடையாது. டீசலுக்கு ரிட்டர்ன் அவசியம். டாங்கில் அதற்கு வாய் இல்லாததால், சில இடங்களில் ரிட்டர்ன் குழாயை ஒரு 'டி' போட்டு, வருகிற குழாயிலேயே சேர்த்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் ரிட்டர்னில் வரும் காற்றுக் குமிழிகளும் சூடான டீசலும் டாங்குக்குப் போய் அடங்காமல் மறுபடி மறுபடி பம்புக்கே வரும். வண்டி சூடேறச் சூடேறத் திணறும். கொத்தனார் வைத்திருக்கும் லெவல் டியூப் போன்ற தெளிவான குழாய்த் துண்டு ஒன்றைப் பில்டருக்கு முன்னால் இணைத்துவிட்டால், குமிழி ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். குமிழி தெரிந்தால், டாங்க் முதல் அந்தத் துண்டு வரை உள்ள இணைப்பு ஒவ்வொன்றாக இறுக்கிப் பார்க்க வேண்டும். பரிசோதனை முடிந்ததும் அந்தத் துண்டை எடுத்துவிட வேண்டும். அது நிரந்தரமாக இருக்கக்கூடியது அல்ல. டாங்குக்கு ரிட்டர்ன் வாய் வைக்க வெல்டிங் செய்வதானால், பெட்ரோல் ஆவி முழுதும் போக்கித் தண்ணீர் நிரப்பிச் செய்யத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். காலி டாங்க்தானே என்று நினைத்து உயிரை விட்டவர்கள் உண்டு.

மேட்டில் மட்டும் நிற்கிறது, சமதரையில் நிற்பதில்லை என்றால், டாங்கில் கால்பங்குக்குக் கீழே டீசல் இருக்கும்போது அப்படி நடக்கிறதா என்று கவனியுங்கள். சாய்வில் டீசல் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். பாதி டாங்க் இருக்கும்போது நிற்கவில்லையானால், மலைக்குப் போகும்போது டாங்கை நிரப்பிக்கொண்டு போவதே மருந்து.

செல்ப் சுற்றவில்லை

பழைய பெட்ரோல் எஞ்சினின் அழுத்த விகிதம் ஏறத்தாழ 7. டீசலுக்கு அது 17 முதல் 22 வரை. அவ்வளவு இறுக்கமான எஞ்சினைப் பழைய பாட்டரியும் மெல்லிய ஒயரும் வேகமாகச் சுற்றாது. வேகமாகச் சுற்றாவிட்டால் உள்ளே காற்று போதிய அளவு சூடாகாது, டீசல் பற்றாது. அப்போது, "கம்ப்ரசன் இல்லீங்கண்ணா" என்று தீர்ப்பு வந்துவிடும்.

இங்கே முதலில் சந்தேகப்பட வேண்டியது எர்த் ஒயர். எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரம் கடத்தாது. எஞ்சினையும் சேஸையும் பாட்டரியையும் இணைக்கும் தடித்த பட்டை ஒயரை எஞ்சின் மாற்றும்போது கழற்றிவிட்டு, திரும்ப மாட்ட மறந்துவிடுவார்கள். அல்லது புதிதாகப் பெயின்ட் அடித்த இடத்தின் மேலேயே மாட்டிவிடுவார்கள். மின்சாரம் வேறு வழி தேடி ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் வழியாக ஓடும். செல்ப் அடிக்கும்போது அந்தக் கேபிள் சூடானால் வேறு சாட்சி வேண்டாம். மீட்டர் வைத்துப் பார்ப்பதானால், செல்ப் அடிக்கும் நேரத்தில் பாட்டரியின் மைனஸ் முனைக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. அதே நேரத்தில் பாட்டரி இரு முனைகளுக்கிடையே பத்து வோல்ட்டுக்குக் கீழே வெகுவாக இறங்கினால் பாட்டரியோ செல்ப்போ பலவீனம். பெஜோ வகை எஞ்சின்களில் ஹீட்டர் பிளக் உண்டு. நான்கும் சூடாகின்றனவா என்று தனித்தனியே பார்க்க வேண்டும். இரண்டு போயிருந்தாலும் மார்கழிக் காலையில் வண்டி எழுந்திருக்காது.

மீட்டர் சொல்வதை நம்பலாமா?

ஆயில் பிரஷர் இறங்கிவிட்டது, எஞ்சின் பேரிங் போச்சு என்று பயந்து வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. டேஷ்போர்டில் இருக்கும் மீட்டர் பழைய வண்டியினுடையது. எஞ்சினில் இருக்கும் சென்டர் யூனிட் புது எஞ்சினோடு வந்தது. இரண்டும் ஒரே ஜோடி இல்லாவிட்டால், மீட்டர் தவறாகத்தான் காட்டும். டெம்பரேச்சர் மீட்டருக்கும் இதே கதை. கடையில் எலெக்ட்ரானிக் தராசு சந்தேகமாக இருந்தால் முத்திரையிட்ட எடைக்கல்லை வைத்துப் பார்க்கிறோமே, அதுபோல் நேரடியாக ஆயில் குழாயில் மாட்டுகிற மெக்கானிக்கல் கேஜை வைத்து, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கேஜிலும் குறைவு என்றால் மட்டும் சம்ப்பைக் கழற்றலாம்.

சூடு ஏறுவது நிஜமாகவே ஏறுகிறது என்றால், பழைய ரேடியேட்டர் பாதி அடைத்திருக்கலாம். விசிறி ரேடியேட்டரைவிட்டு வெகுதூரம் தள்ளி நிற்கலாம். விசிறியைத் திருப்பி மாட்டியிருக்கலாம். கீழ் ஹோஸ் பழசாகி, வேகம் கொடுக்கும்போது உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளலாம். பானட்டைத் திறந்து ஆக்சிலேட்டரைக் கொடுத்துப் பார்த்தால் இது தெரியும். ஹெட் கேஸ்கட் சந்தேகம் இருந்தால், ஆறின எஞ்சினில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். தண்ணீர் சூடாவதற்கு முன்பே தொடர்ந்து குமிழி வந்தால் கேஸ்கட்டோ ஹெட்டோ கசிகிறது. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக்கூடாது என்பதை வண்டியோட்டும் பையன்களுக்கும் சொல்லிவையுங்கள்.

புகையின் நிறம்

இதை நம்மில் பலர் அரைகுறையாக அறிந்திருக்கிறோம். கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு: ஏர் பில்டர் அடைப்பு, நாசில் சொட்டுவது, பம்பில் டீசல் அளவைக் கூட்டிவைத்திருப்பது. பிரேக் பிடித்துக்கொண்டே ஓடினாலும் கறுப்பாகத்தான் வரும். ஓட்டி வந்ததும் நான்கு சக்கர டிரம்மையும் கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள், ஒன்று மட்டும் கொதிக்கும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளையில் இரண்டு வகை உண்டு. கண்ணை எரித்து டீசல் நாற்றம் அடிப்பது பற்றாத டீசல். பம்ப் டைமிங் ஒரு பல் தள்ளிப்போனாலே இப்படி வரும், வண்டியும் இழுக்காது. நாற்றமில்லாமல் ஆவிபோல் கலைந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது.

"இழுவை இல்லை" என்ற புகாரில் ஒரு கணக்கு

இது வியாபாரிகளுக்குப் பிடிக்கிற இடம். எஞ்சினில் ஒரு குறையும் இல்லாமலேயே வண்டி அறுபதைத் தாண்டினால் அலறும், டீசல் குடிக்கும், மேலே வேகம் வராது. எஞ்சின் சரியில்லை என்று முடிவு கட்டிவிடுவோம். காரணம் கியர் விகிதத்தில் இருக்கலாம்.

சிஜே 3பி ஜீப்பின் ஆக்சில் விகிதம் 5.38. புரொப்பெல்லர் ஷாப்ட் 5.38 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. அது வேகமாகச் சுற்றக்கூடிய பெட்ரோல் எஞ்சினுக்காக வைத்த விகிதம். உங்கள் வண்டி டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, தரையிலும் குறித்து, வண்டியை ஒரு முழுச் சுற்று தள்ளி அளந்துபாருங்கள். 2.2 மீட்டர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 1000 மீட்டர். 1000-ஐ 2.2-ஆல் வகுத்தால் சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 454 சுற்று. அதை 5.38-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 2445. டாப் கியரில் எஞ்சினும் ஷாப்ட்டும் ஒரே வேகம். ஆகவே 60-ல் எஞ்சின் 2445 சுற்றில் ஓடுகிறது. 80-ல் 3260. டிராக்டர் குடும்பத்து டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு அக்கம்பக்கத்தில் வேலை செய்யப் பழகியது. அதை 80-ல் போகச் சொன்னால் கவர்னர் டீசலை வெட்டிவிடும். அது எஞ்சினின் குறை அல்ல, அதன் எல்லை. நாசில் மாற்றினாலும் போர் செய்தாலும் அந்த எல்லை நகராது. பம்பில் கவர்னர் ஸ்க்ரூவைத் திருகி வேகம் கூட்டித் தருகிறோம் என்று சொல்பவர்களைத் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். கனெக்டிங் ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வருவதற்கு அதுவே நேர்வழி.

உங்கள் வண்டியின் விகிதம் என்ன என்று தெரியாவிட்டால் கண்டுபிடிப்பது சுலபம். பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி, நியூட்ரலில் வைத்து, தூக்கிய சக்கரத்தைக் கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றினால், அதற்குள் புரொப்பெல்லர் ஷாப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். ஐந்து சுற்றும் மேலே மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகவும் வந்தால் 5.38. ஓர் எச்சரிக்கை: பழைய ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்பர் கேஸுக்குப் பின்னால் ஷாப்ட்டைப் பிடிக்கிறது. ஷாப்ட் சுற்ற வேண்டுமானால் அதை விடுவித்தாக வேண்டும். ஆகவே மற்ற மூன்று சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுக்காமல், ஸ்டாண்ட் வைக்காமல் இந்த வேலையைத் தொடவே கூடாது.

விகிதம்தான் காரணம் என்று தெரிந்தபின் இரண்டு வழி. ஆக்சில் விகிதத்தை முன்னும் பின்னும் சேர்த்து மாற்றலாம். ஒன்றை மட்டும் மாற்றினால் போர் வீலில் டிரான்ஸ்பர் கேஸ் நொறுங்கிவிடும். இல்லாவிட்டால் 50-ல் ஓட்டிப் பழகலாம். இட்டேரிக்கும் மலைக்கும் வாங்கின வண்டி என்றால் இரண்டாவது வழியே லாபம் என்பது எங்கள் கருத்து.

ஆட்டமும் கிளட்ச்சும்

எஞ்சின் நின்றிருக்கும்போது கியர் சுலபமாக விழுகிறது, ஓடும்போது கறகறக்கிறது என்றால், கியர் பாக்ஸைப் பிரிக்க வேண்டாம். கிளட்ச் முழுதாக விலகவில்லை. பிளைவீல் ஒரு வண்டியினுடையது, பிரஷர் பிளேட் இன்னொன்றினுடையது என்று கலந்திருந்தால் இப்படி ஆகும். கிராங்க் முனையில் இருக்க வேண்டிய பைலட் புஷ்ஷைப் போடாமல் விட்டாலும், பெல் ஹவுசிங் மையம் தப்பி உட்கார்ந்தாலும் முதலில் சத்தம், பிறகு ஆயில் கசிவு, கடைசியில் கியர் பாக்ஸ் பேரிங் என்று போகும். சேற்றில் லோ கியரில் திணறும்போது எஞ்சின் ஒரு பக்கமாகத் தூக்கும். மவுண்டிங் சரியில்லாவிட்டால் விசிறி ரேடியேட்டரைக் கிழித்துவிடும். தார் ரோட்டில் ஓட்டிப் பார்த்து வண்டியை ஏற்றுக்கொண்டவர்களுக்கு இது முதல் மழையில்தான் தெரியவரும்.

எஞ்சின்தான் குற்றவாளி என்றால்

இத்தனையும் பார்த்தபின் எஞ்சின்மேல் சந்தேகம் நின்றால், அதற்கும் திறக்காமலே சோதனை உண்டு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து ஓடவிட்டால், ரயில் எஞ்சின்போல் புகை தள்ளினால் பேக் கம்ப்ரசன் அதிகம். ரிங், லைனர் தேய்ந்தது. புதிதாகப் போர் செய்த எஞ்சினில் முதலில் லேசாக வருவது சகஜம். நாளுக்கு நாள் குறைய வேண்டும். ஐடிலில் ஓடும்போது மெக்கானிக் ஒவ்வொரு நாசில் குழாயின் நட்டையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறுக்கிப் பார்க்கலாம். எந்தச் சிலிண்டரைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ அது வேலை செய்யாத சிலிண்டர். நாசிலிலிருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடியது. விரல் வைக்கக் கூடாது. கடைசியாகக் கம்ப்ரசன் கேஜ் வைத்து நான்கு சிலிண்டரையும் அளந்து, எண்களை உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தால் எஞ்சின் கொடுத்தவரிடம் பேச உங்களுக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது. வாய்ப்பேச்சாக, "வண்டி சரியில்லீங்க" என்று போனால் வாய்ப்பேச்சுதான் திரும்பி வரும்.

நோட்டைப் பற்றிச் சொன்னோம். பேரேடு எழுதுகிற நமக்கு இது புதிதல்ல. தேதி, கிலோமீட்டர், என்ன குறை, எதை மாற்றியது, மாற்றியபின் என்ன ஆனது என்று ஒரு வரி போதும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யச் சொல்லுங்கள். பில்டர், நாசில், பம்ப் மூன்றையும் ஒரே நாளில் மாற்றி வண்டி சரியானால், எதனால் சரியானது என்று யாருக்கும் தெரியாது. மூன்றுக்கும் பணம் போயிருக்கும். மறுபடி குறை வந்தால் எங்கே தொடங்குவது என்றும் தெரியாது.

பணமும் காகிதமும்

எஞ்சின் வாங்கும்போதே பில்லில் எஞ்சின் நம்பர், ஜி.எஸ்.டி. எண், கூட வரும் பொருள்கள் (பம்ப், செல்ப், ஆல்டர்னேட்டர், பிளைவீல்), கேரண்டி எத்தனை நாள், எதற்கு என்பவை எழுதியிருக்க வேண்டும். "எல்லாம் சேர்த்துத்தாங்கண்ணா" என்ற சொல்லில் பம்ப் சேராமல் போன வழக்குகள் ஏராளம். மொத்தத் தொகையில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொண்டு, உங்கள் சரக்கை ஏற்றி, உங்கள் பாதையில், ஒரு மேடும் ஒரு சேறும் சேர்த்து ஓட்டிப் பார்த்தபின் தருவதாக முன்கூட்டியே பேசிவிடுங்கள். நல்ல ஒர்க்ஷாப்காரர் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார். மறுப்பவரைப் பற்றி அப்போதே தெரிந்துகொள்ளலாம்.

பழைய எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்குக் காகிதம் கேளுங்கள். நம்பர் பிளேட்டைத் தேய்த்து அடித்திருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தொடவேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம், வண்டியைத் தயாரித்தவர் குறிப்பிட்டதற்கு மாறாகிவிடும்படி எதையும் மாற்றக்கூடாது என்கிறது. ஆகவே வேறு வகை எஞ்சினோ வேறு எரிபொருளோ என்றால், பணம் கொடுப்பதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். முறைப்படி எஞ்சின் மாற்றியிருந்தால் 14 நாட்களுக்குள் தெரிவித்து, ஆர்.சி.யில் புதிய நம்பரைப் பதிய வேண்டும். அதன் பிறகு இன்சூரன்ஸ் பாலிசியிலும் அதே நம்பருக்கு எண்டார்ஸ்மென்ட் வாங்குங்கள். எஞ்சின் நம்பரின் பென்சில் பிரின்ட், பில், பாலிசி மூன்றுக்கும் நகல் எடுத்து ஒரு கட்டை வண்டியிலும் இன்னொரு கட்டைக் கடைப் பெட்டியிலும் வைத்துவிடலாம்.